சக்கரம் பூண்ட வீடு

வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் போவது நம் வழக்கம். வீட்டையே வண்டியாகப் பூட்டிக்கொண்டு போவதும் உலகில் பலருடைய வழக்கம். மேலை நாடுகளில் காரின் பின்னால் கொக்கியிட்டு இழுத்துச் செல்லும் சிறு வீடுகள் உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நம் நாட்டில் 'கேரவன்' என்றதும் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் பெரிய வண்டி. அது தானே ஓடும் வண்டி. இங்கே நாம் பேசப்போவது, தானே ஓடாமல் வேறொன்றால் இழுக்கப்படும் வீட்டைப் பற்றி. அதனை 'இழுவை வீடு' என்று அழைப்போம்.

1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற எழுத்தாளர், 'வாண்டரர்' என்ற பெயரில் இரண்டு குதிரைகள் இழுக்கும் வீடொன்றைக் கட்டுவித்துக்கொண்டு ஊர் சுற்றினார். ஓய்வுப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் இழுவை வீடு இதுவே என்பர். ஆனால் செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரையுள்ள நிலத்துக்கு இத்தகைய வண்டி புதிதன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூரையும் சமையற் கருவிகளும் கோழிக் கூடும் மாற்று உறுப்பும் கொண்ட இழுவை வீடுகள் இந்த வழியே வரிசை வரிசையாகச் சென்றன.

அந்த வண்டியில் என்னென்ன கருவிகள் இருந்தன? பின்னர் வந்த தலைமுறைகள் அதில் எவற்றைத் திருத்தின? அந்தத் திருத்தங்கள் யாருடைய சுமையைக் குறைத்தன? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண்போம்.

தொண்டை நாட்டு உப்பு வண்டி

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிய நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றியது. இதில் வரும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரமே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். தொண்டை நாட்டு நெடுவழியில் பாணன் காணும் காட்சிகளுள் ஒன்று உமணர்களின் வண்டித்தொடர். உமணர் என்போர் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்றவர்கள்.

புலவர் அந்த வண்டியைப் பொறியாளர் ஒருவர் பார்ப்பதுபோல உறுப்பு உறுப்பாகப் பார்க்கிறார். சக்கரத்தின் வட்டையையும், அதில் பொருந்திய ஆரக்கால்களையும், மத்தளம் போன்று முழுமரத்தில் கடைந்த குடத்தையும் குறிப்பிடுகிறார். வண்டியின் இருபக்கச் சட்டங்களும் கதவுக்கு இடும் கணைய மரங்களைச் சேர்த்து வைத்தாற்போலப் பருத்தவை. மேலே ஆரைப்புல் வேய்ந்த கூரை. வாயிற்புறத்தில் கோழி அடையும் கூடு. பக்கத்தில் கயிற்றில் தொங்கும் சிறு உரல். முன்மூக்கில் கயிறு கட்டித் தொங்கவிட்ட காடிப் பானை. கைக்குழந்தையுடன் ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஆடவர்கள் வண்டித்தொடரின் பக்கத்தே காவலாக நடக்கிறார்கள்.

இன்றைய இழுவை வீட்டின் கருவிப் பட்டியலுடன் இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். கூரை இருக்கிறது. சமையற் கருவி இருக்கிறது. கெடாத உணவு இருக்கிறது. வழியில் முட்டையும் இறைச்சியும் தரும் கோழி உயிருடனே கூட வருகிறது. இவற்றுள் பல, வண்டியின் உட்புறத்தை அடைக்காமல் வெளியே தொங்கவிடப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. உள்ளே இருக்கும் இடம் உப்புக்கும் குழந்தைக்கும் உரியது!

இதற்குத் தெற்கே உள்ள ஓய்மா நாட்டைப் பாடும் சிறுபாணாற்றுப்படையிலும் உமணர் வண்டி வருகிறது. அங்கே வண்டியோடு ஒரு குரங்கும் வந்து, உமணரின் குழந்தைகளுடன் விளையாடுகிறது. வளர்ப்பு விலங்கையும் பயணத்தில் அழைத்துச் செல்வது இக்காலத்தார் கண்டுபிடிப்பன்று போலும்.

சேம அச்சு

உமணர் வண்டியின் துணைக்கருவிகளுள் மிகவும் அறிவார்ந்தது எது என்று கேட்டால், புறநானூற்றின் 102ஆம் பாடலைத்தான் சுட்ட வேண்டும். ஔவையார் பாடியது. எருதுகள் நுகம் பழகாத இளையவை. ஏற்றிய பாரமோ மிகுதி. வழியிலோ மேடும் பள்ளமும் உண்டு. எனவே உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு புறப்படுவார்கள் என்கிறது அப்பாடல். அதன் பெயர் 'சேம அச்சு'. அதியமானின் மகன் பொகுட்டெழினியை, ஆபத்தில் உதவும் இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறார் ஔவையார்.

இன்று காரில் உள்ள உபரிச் சக்கரத்துக்கு இது முன்னோடி எனலாம். சக்கரத்தை விட்டுவிட்டு அச்சை ஏன் மாற்று உறுப்பாக எடுத்துச் சென்றனர்? சக்கரம் பல துண்டுகளால் ஆனது. ஓர் ஆரக்கால் முறிந்தாலும் மெல்ல ஓட்டி அடுத்த ஊர்ச் சேர முடியும். அச்சோ ஒரே மரம். வண்டியின் பாரம் முழுவதும் அதன் இரு முனைகளில் தங்குகிறது. சக்கரம் பள்ளத்தில் விழும்போது அந்தப் பாரம் அதிர்ச்சியாக அச்சைத் தாக்கும். அது முறிந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும். எந்த உறுப்பு கெட்டால் பயணமே நின்றுவிடுமோ அந்த உறுப்பைத்தான் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும் என்ற பொறியியல் விதியை உமணர்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

சக்கரம் ஏன் அவ்வளவு பெரியது?

பழைய கட்டைவண்டியின் சக்கரம் பெரும்பாலும் ஓர் ஆளின் மார்பளவு உயரம், அதாவது ஏறக்குறைய 1.5 மீட்டர் விட்டம் உடையது. இவ்வளவு பெரிய சக்கரம் அழகுக்காக ஏற்பட்டதன்று. சிறு கணக்கு ஒன்றால் இதனை விளக்கலாம்.

அச்சின் மேல் 1,000 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். மர அச்சின் முனை 4 செ.மீ. ஆரம் உடையது. மையிட்ட மரத்துக்கும் குடத்துக்கும் இடையே உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால், அச்சின் பரப்பில் 200 கிலோ உராய்வு விசை தோன்றும். எருதுகள் இதனை அப்படியே இழுக்க வேண்டியதில்லை. சக்கரம் ஒரு நெம்புகோலாக வேலை செய்கிறது. சக்கரத்தின் ஆரம் 75 செ.மீ. ஆயின், உராய்வை வெல்ல வேண்டிய விசை 200 × 4 ÷ 75, அதாவது ஏறக்குறைய 11 கிலோ. சக்கரத்தைப் பாதியாகச் சிறுக்கினால் இதுவே 21 கிலோவுக்கு மேல் ஆகும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். சக்கரம் பெரிதானால் இழுப்பது எளிது. அச்சு மெலிந்தாலும் இழுப்பது எளிது. ஆனால் மரத்தை ஓரளவுக்கு மேல் மெலிதாக்க முடியாது, முறிந்துவிடும். பிற்காலத்தில் இரும்பு அச்சு வந்தபோது, 2 செ.மீ. ஆரமே அதே பாரத்தைத் தாங்கப் போதுமானதாயிற்று. கணக்கில் உராய்வுச் சுமை பாதியாகிறது, பார்த்தீர்களா? வெளியே தெரியாத இந்தச் சிறு மாற்றம் எருதுக்குக் கிடைத்த பெரும் உதவி.

உராய்வைக் குறைக்க வண்டிக்காரர்கள் பயன்படுத்திய மற்றொரு பொருள் வண்டி மை. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து இதனைச் செய்தார்கள். விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிடப் பிசுபிசுப்பு மிக்கது. எளிதில் வழிந்து ஓடாது. கரித்தூளோ எண்ணெயை ஏந்தி வைத்துக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்ற, அச்சு முனையில் செருகியுள்ள கடையாணியை உருவினால் போதும். மை தடவி மீண்டும் மாட்டிவிடலாம். கருவிப் பெட்டி எதுவும் இல்லாமல் வழியிலேயே செய்யக்கூடிய பராமரிப்பு இது.

கொல்லுலையில் ஒரு பௌதிகப் பாடம்

மரச் சக்கரத்தின் விளிம்பு தேயாமலிருக்க அதன் மேல் இரும்புப் பட்டை பூட்டுவார்கள். இதில் ஆணியைவிட வெப்பமே முக்கிய வேலையைச் செய்கிறது. பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறிய வளையமாகக் கொல்லர் அமைப்பார். எரிமுட்டையும் விறகும் அடுக்கி அதனைச் செந்தணலாகக் காய்ச்சுவார். விரிந்த வளையத்தைக் குறடுகளால் பற்றித் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள்.

1.5 மீட்டர் விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 4.7 மீட்டர். இரும்பு ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறும்போது தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீளும். 500 டிகிரி ஏறினால் சுற்றளவு 2.8 செ.மீ. அதிகமாகும். குளிரும்போது இந்த 2.8 செ.மீட்டரும் சுருங்க முயலும். வட்டைத் துண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கும். ஆரக்கால்கள் குடத்துக்குள் இறுகும். பட்டை சக்கரத்தைக் காப்பதோடு, சக்கரத்தின் எல்லா உறுப்புகளையும் கட்டிப்பிடித்தும் வைக்கிறது. கோடையில் மரம் உலர்ந்து சுருங்கிப் பட்டை தளர்ந்தால், வண்டிக்காரர் சக்கரத்தைக் குளத்தில் ஊறப்போடுவார். மரம் உப்பிப் பட்டை மீண்டும் இறுகும்.

வளைந்த கூரை

மாமல்லபுரத்தில் ஐந்து இரதங்கள் எனப்படும் ஒற்றைக்கல் கோயில்கள் உள்ளன. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் குடையப்பட்டவை. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மாமல்லபுரச் சின்னங்கள் இடம்பெற்றன. 'இரதம்' என்பது பிற்கால மக்கள் வழக்கு. இவற்றுக்குச் சக்கரம் இல்லை. ஆயினும் வண்டிகளைப் பற்றி ஆராய்பவர் இங்கே ஒரு நிமிடம் நிற்கத்தான் வேண்டும்.

இவற்றுள் பீம இரதத்தின் கூரையைக் கவனியுங்கள். நீள்சதுரமான கட்டடத்தின் மேல் பாதி உருளையைக் கவிழ்த்தாற்போல வளைந்திருக்கும். ஆங்கிலக் கட்டடக் கலைஞர்கள் இத்தகைய கூரையை 'வண்டிக் கூரை' என்று பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர். நம் கூண்டு வண்டியின் கூண்டும் இதே வடிவம்தான். மரத்தாலும் மூங்கிலாலும் கட்டிய வீடுகளைப் பார்த்தே பல்லவச் சிற்பிகள் கல்லில் இவ்வடிவைச் செதுக்கினர் என்பது அறிஞர் முடிவு. மூங்கிலை வில்லாக வளைத்து இரு முனைகளையும் சட்டத்தில் செருகினால், நடுவில் தூண் இல்லாமலே கூரை நிற்கும். மழைநீர் இருபுறமும் வழியும். கடற்காற்று முட்டி நிற்காமல் வழுக்கிச் செல்லும். தூணுக்கு இடமில்லாத வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான கூரை வேறில்லை.

முன்பாரமும் பின்பாரமும்

இருசக்கர வண்டி ஒரு தராசு. அச்சு அதன் முள். ஏர்க்கால் எனப்படும் நீண்ட மரம் முன்னே சென்று நுகத்தடியில் முடிகிறது. நுகத்தடி எருதுகளின் கழுத்தில் அமர்கிறது. பாரம் அச்சுக்கு முன்னே கூடினால் 'முன்பாரம்', பின்னே கூடினால் 'பின்பாரம்' என்பார்கள் வண்டிக்காரர்கள்.

இதையும் கணக்கிடலாம். அச்சிலிருந்து நுகத்தடி 3 மீட்டர் தொலைவில் இருக்கட்டும். 800 கிலோ பாரத்தின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 15 செ.மீ. முன்னால் அமைந்தால், கழுத்தில் இறங்கும் எடை 800 × 15 ÷ 300, அதாவது 40 கிலோ. எருது ஒன்றுக்கு 20 கிலோ. அதே 15 செ.மீ. பின்னால் அமைந்தால் நுகத்தடி 40 கிலோ விசையுடன் மேலே எழும்பும். அப்போது பூட்டாங்கயிறு எருதின் தொண்டையை இறுக்கும். ஒரு சாண் அளவுகூட இல்லாத இடமாற்றம் விலங்கின் கழுத்தை நசுக்கவோ நெரிக்கவோ போதும். நல்ல வண்டிக்காரர் மூட்டைகளை ஏற்றியதும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இன்றைய இழுவை வீட்டுக்கும் இதே விதி பொருந்தும். ஆனால் அளவு வேறு. காரின் கொக்கியில் வீட்டின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. கொக்கியில் எடை குறைந்து பின்பாரம் மிகுந்தால், வேகத்தில் செல்லும்போது இழுவை வீடு மீனின் வாலைப்போல் இருபுறமும் ஆடத் தொடங்கி, காரையும் கவிழ்த்துவிடக்கூடும். இரும்புக் கொக்கிக்கு 10 சதவீதம் ஏற்றது. அதே விகிதத்தை மேற்கண்ட மாட்டுவண்டிக்கு வைத்தால் 80 கிலோ கழுத்தில் இறங்கும். இரும்பு தாங்கும், தோலும் சதையும் எப்படித் தாங்கும்?

கால்வாயும் இருப்புப் பாதையும் கப்பிச் சாலையும்

உமணரின் வண்டி பல நூற்றாண்டுகள் பெரிய மாற்றமின்றி ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கடற்கரையில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன.

முதலாவது கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய்ப் பணி, சிறுகச் சிறுகத் தெற்கேயும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாகக் கால்வாயின் பகுதிகள் இணைக்கப்பட்டன. 1878இல் அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. மாமல்லபுரத்தின் மேற்கே மரக்காணம் நோக்கிச் செல்லும் இக்கால்வாயில் உப்பும் விறகும் படகில் ஏறின. நீரில் மிதக்கும் பாரத்தைக் கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்களே இழுத்துச் சென்றனர். நீண்ட தொலைவுக்கு உப்பு ஏற்றும் வேலை வண்டியிடமிருந்து விலகத் தொடங்கியது.

இரண்டாவது இருப்புப் பாதை. செங்கற்பட்டு தென்னிந்திய இரயில்வேயின் சந்திப்பு நிலையமாயிற்று. புகைவண்டியில் வந்து இறங்கியோர் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்ல மாட்டுவண்டியை நாடினர். தொலைவு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எருது மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர் நடக்கும். மாலையில் புறப்பட்டால் விடியற்காலையில் கடலைக் காணலாம். இரவெல்லாம் வண்டியில் படுத்துச் செல்ல வேண்டும். கூண்டின் உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே பாயோ சமுக்காளமோ விரித்தார்கள். அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டார்கள். உமணர் வண்டி பாரவண்டியும் வீடுமாக இருந்தது. இப்போதைய கூண்டு வண்டி ஆட்களை ஏற்றும் படுக்கையறை ஆயிற்று.

மூன்றாவது கப்பிச் சாலை. கருங்கல் ஜல்லி பரப்பிய சாலையில் சக்கரம் புதையவில்லை. ஆனால் எருதின் குளம்பு தேய்ந்தது. மண்வழியில் தேவைப்படாத லாடம், கப்பிச் சாலையில் தேவைப்பட்டது. மாட்டின் குளம்பு பிளவுபட்டது. ஆகையால் ஒரு காலுக்கு இரண்டு தகடுகளாக, ஒரு மாட்டுக்கு எட்டுத் தகடுகள் அடிக்க வேண்டும். ஓரிடத்தில் செய்த முன்னேற்றம் இன்னோரிடத்தில் புதுத் துணைக்கருவியை வேண்டுவதற்கு இது நல்ல சான்று.

கல்மேல் உருண்ட சக்கரம் பயணியின் முதுகையும் குலுக்கியது. இதற்குத் தீர்வாக வந்தது வில் வண்டி. 'வில்' என்பது அம்பெய்யும் வில்லன்று. எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்த பட்டைவில் வகை. ஐரோப்பியக் குதிரை வண்டிகளிலிருந்து வந்தது. வசதி படைத்தவர் வீடுகளில் வில் வண்டி பெருமைச் சின்னமாயிற்று. குலுக்கல் குறைந்தது. எனினும், நுகத்தடிக்கு அடியில் எந்த வில்லும் வைக்கப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றும் எஃகுக் குண்டும்

காற்றடைத்த சக்கரத்துக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் தாம்சன் 1845இலேயே காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் அதனை மீண்டும் கண்டறிந்து பரப்பினார். 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் டயர்த் தொழிற்சாலை தோன்றியது. பின்னர், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரிலும் ஒரு தொழிற்சாலை அமைந்தது. மாட்டுவண்டிக்கும் டயர் வந்தது. நாட்டுப்புறத்தில் அதற்கு 'டயர் வண்டி' என்றே பெயர். புது டயர் வாங்க இயலாதோர், பழைய உந்துவண்டிகளின் அச்சையும் டயரையும் வாங்கிப் பொருத்தினர்.

காற்றடைத்த டயரால் என்ன பயன்? ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ பாரம் உள்ளது எனக் கொள்வோம். இரும்புப் பட்டை சாலையைத் தொடும் பரப்பு 10 சதுர செ.மீ. என்றால், ஒவ்வொரு சதுர செ.மீட்டரிலும் 60 கிலோ அழுத்தும். அது சாலைக் கல்லை உடைக்கும். ஈர மண்ணில் கத்திபோல் இறங்கும். டயரோ தன்னுள் உள்ள காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறைய சமமாகவே தரையை அழுத்தும். காற்றழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 3 கிலோ என்றால், 200 சதுர செ.மீ. பரப்பில் பாரம் பரவிவிடுகிறது. சாலைக்கும் நன்மை, வயலுக்கும் நன்மை, சரக்குக்கும் நன்மை.

ஆனால் டயர்ச் சக்கரம் சிறியது. அதன் ஆரம் ஏறத்தாழ 35 செ.மீ. தான். முன் பார்த்த கணக்கு நினைவிருக்கிறதா? 2 செ.மீ. ஆரமுள்ள இரும்பு அச்சில், பெரிய மரச் சக்கரத்துக்கு 5 கிலோவாக இருந்த உராய்வுச் சுமை, சிறிய டயர்ச் சக்கரத்துக்கு 11 கிலோவாக உயர்ந்துவிடும். பெரிய சக்கரம் தந்த நெம்புகோல் நன்மையை நாம் இழந்துவிட்டோம். அதனை ஈடுசெய்வது பேரிங் எனப்படும் குண்டுத் தாங்கி. வண்டி அச்சில் எஃகுக் குண்டுகளை வைக்கும் முறைக்கு வேல்ஸ் நாட்டின் பிலிப் வாகன் 1794இல் காப்புரிமை பெற்றார். வழுக்கும் உராய்வை உருளும் உராய்வாக இது மாற்றுகிறது. உராய்வுச் சுமை 1 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். டயரும் பேரிங்கும் சேர்ந்து வந்தால்தான் முழுப்பயன். டயரை மட்டும் மாட்டுவது பாதி வேலை.

ஆதாயம் யாருக்கு?

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1965இல் வந்த விதிகள், இழுவை விலங்குகளுக்கு ஏற்றக்கூடிய பாரத்தை வரையறுத்தன. சிறிய எருது இழுக்கும் இருசக்கர வண்டியில், டயர் இல்லையேல் 500 கிலோ. காற்று டயர் இருந்தால் 750 கிலோ. பேரிங் இருந்தால் 1,000 கிலோ. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக்கூடாது.

இவை இரக்கமுள்ள விதிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் விதியைச் சற்று ஊன்றிப் பாருங்கள். வண்டி மேம்பட்டால் பாரத்தை இரு மடங்காக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. சமதரையில் இது சரியே. மேட்டில்? 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், 500 கிலோவை ஏற்ற 25 கிலோ விசை கூடுதலாக வேண்டும். 1,000 கிலோவுக்கு 50 கிலோ வேண்டும். புவியீர்ப்பை எந்தப் பேரிங்கும் குறைக்காது. நின்ற வண்டியை நகர்த்தத் தொடங்கும்போதும், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதும் இதே நிலைதான். முன்பாரத்தின் கணக்கும் இரு மடங்காகும். சக்கரத்தில் கிடைத்த ஆதாயத்தைச் சரக்கு எடுத்துக்கொண்டது. கழுத்துக்கு மிஞ்சியது பழைய சுமையோ, அதைவிடக் கூடுதலோதான்.

1970களிலும் 1980களிலும் இக்குறையை நாடெங்கும் எடுத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர் என். எஸ். ராமசாமி. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர். மேலாண்மைக் கல்வியின் உச்சியில் இருந்தவர், ஒரு கோடிக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் ஓடிய நாட்டில் அவற்றைச் சீர்திருத்துவதும் மேலாண்மை வேலையே என்று வாதிட்டார். சக்கரத்தோடு நுகத்தடியையும் சீர்திருத்த வேண்டும் என்பது அவருடைய முக்கியமான கருத்து.

நுகத்தடி உருண்டையான கட்டை. அது கழுத்தைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. இரும்புப் பட்டைக்கும் டயருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைத்துப் பாருங்கள். சாலையைக் காக்க அழுத்தத்தைப் பரப்பிய நாம், கழுத்தைக் காக்க அதையே செய்யத் தவறினோம். குதிரைக்கு மெத்தை வைத்த கழுத்துப்பட்டை சீனத்தில் மிகப் பழங்காலத்திலேயே தோன்றி, பத்தாம் நூற்றாண்டளவில் ஐரோப்பாவிலும் பரவிவிட்டது. நம் எருதுக்குக் கிடைத்ததோ, புண்ணான பிறகு இட்ட வேப்பெண்ணெய்தான்! கழுத்தின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து வழவழப்பாக்கிய அகன்ற நுகத்தடிக்கு ஆகும் செலவு, டயருக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே. இருந்தும் டயர் பரவிய வேகத்தில் அது பரவவில்லை. டயரின் பயனை வண்டிக்காரர் அன்றன்றே கூலியில் கண்டார். நல்ல நுகத்தடியின் பயன் எருதுக்கு மட்டுமே தெரிந்தது. எருது கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவதில்லை.

புதிய இழுவை வீடுகள்

இன்று மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்ல ஒரு மணி நேரம் போதும். மாட்டுவண்டிகள் அருகிவிட்டன. மறுபுறம், நகரும் வீட்டில் சுற்றுலா செல்லும் ஆர்வம் நம் நாட்டிலும் வளர்கிறது. கேரள அரசு 2021இல் இதற்கென ஒரு திட்டத்தையே அறிவித்தது.

இழுவை வீடு வைத்திருப்போர் முதலில் விரும்புவது துணைக்கருவிகளை. சூரிய மின்தகடு, மின்கலம், பெரிய தண்ணீர்த் தொட்டி, நிழற்கூரை, குளிர்பெட்டி என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் பயனுள்ளதே. ஆனால் 100 லிட்டர் தண்ணீர் என்பது 100 கிலோ. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்திருப்பதை நாம் படித்திருக்கிறோம். ஆகவே வாங்கும் வரிசையை உமணரிடம் கேட்டு அறியலாம். முதலில் அச்சும் பேரிங்கும். அடுத்து டயரும் அதன் காற்றும். பிறகு தடை. பின்னர் பாரத்தின் சமநிலை. எது கெட்டால் பயணம் நிற்குமோ அதற்கு ஒரு மாற்று. இவையெல்லாம் சரியான பிறகே உரலும் காடிப் பானையும் கோழிக் கூடும்.

கார் இழுக்கும் வீட்டில் இந்த வரிசை தவறினால், எரிபொருள் கூடும், தடை சூடேறும், கொக்கி முனகும். எப்படியேனும் நமக்குத் தெரிந்துவிடும். எருதுக்கு அந்த வாய்ப்பு இல்லை. செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்ச் சாலைகளில் இன்னமும் எங்கேனும் ஒரு டயர் வண்டி உங்கள் எதிரே வரலாம். வந்தால், சக்கரத்தைப் பார்த்த பிறகு நுகத்தடி கழுத்தில் பதியும் இடத்தையும் பாருங்கள். அந்த வண்டியில் ஈராயிரம் ஆண்டுகளாகப் பாக்கி நிற்கும் திருத்தம் அங்கேதான் இருக்கிறது.